பழைய லேப்டாப்பில் ஒலி கெட்டால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்கள் உழைத்த லேப்டாப்பில் பாட்டு கரகரக்க ஆரம்பித்ததும், "ஸ்பீக்கர் போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள் சிலர். "வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரம்தான். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று தெரியும்வரை, சரிசெய்வதா விடுவதா என்று முடிவெடுக்கவே வழியில்லை.

முதலில் ஒரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதில் தெளிவாகக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் ஸ்பீக்கரிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான் இருக்கும். லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகையான மதர்போர்டோடு ஒப்பிட்டால் ஸ்பீக்கர் மலிவான பாகம், அதனால் தயங்காமல் மாற்றலாம். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கரில் சத்தமே வராவிட்டால் ஹெட்போனைச் செருகும் துளையை, அதாவது ஜாக்கைச் சந்தேகியுங்கள். பல ஜாக்குகளுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது தூசியில் சிக்கிக்கொண்டால், ஹெட்போன் இன்னும் செருகியே இருப்பதாக லேப்டாப் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரை அடக்கிவிடும். இதற்குப் போய் ஸ்பீக்கரை மாற்றினால் காசுதான் வீண்.

ஒலிப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரை மறுபடி மறுபடி நீக்கி ஏற்றுவதும், கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதும் அடுத்த தவறு. அதற்குப் பதிலாக, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ்; உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே ஒலி சுத்தமாக வந்தால் சிக்கல் விண்டோஸில், லேப்டாப்பைத் திறக்கவே தேவையில்லை. அங்கேயும் அதே கரகரப்பு என்றால் டிரைவரோடு மல்லுக்கட்டுவதை அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டிலும் ஒலி இல்லை, லினக்ஸிலும் இல்லை என்றால் மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப் போயிருக்கலாம். "போர்டு மாத்தணும்" என்ற பேச்சு வருவது இங்கேதான். ஒலிக்காக மட்டும் பழைய லேப்டாப்புக்கு போர்டு மாற்றாதீர்கள். யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்டு தனக்கென ஒரு சிப்போடு வருவதால், போர்டில் உள்ள சிப்பை நம்பியிருக்காது. புளூடூத் ஹெட்போனும் அப்படியே. அழகு கொஞ்சம் குறையும், வேலை நடக்கும்.

இன்னொன்றை அலட்சியப்படுத்தவே கூடாது. கரகரப்போடு டச்பேட் மேலெழுந்தோ, அடிப்பக்க மூடி பிதுங்கியோ தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பேட்டரியை ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்து எடுக்க வேண்டும்.

செலவு செய்யுமுன் மற்ற பாகங்களையும் பாருங்கள். ஹார்டு டிஸ்க் தடுமாறுகிறது, கீல் ஆடுகிறது என்றால் பணம் முதலில் அங்கே போகட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏறவும் முடியாத, லினக்ஸுக்கு மாற நீங்களும் விரும்பாத லேப்டாப்பென்றால் யூஎஸ்பி கார்டோடு நிறுத்திக்கொள்வதே சரி.

ஸ்பீக்கரை மாற்றுவதென்றே முடிவெடுத்தால், மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலிலேயே வெவ்வேறு வடிவ ஸ்பீக்கர்கள் வருவதுண்டு. பழையதைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணையும் ஒயர் முனையையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் வாங்குங்கள்.