எலக்ட்ரிக் பிரஷ்ஷை வாங்கியாச்சு, இனித் தேய்க்காதீர்கள்

பல் துலக்கும் எலக்ட்ரிக் பிரஷ்ஷால் உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் 56 ஆய்வுகளைத் திரட்டி அலசியது. சாதாரண பிரஷ்ஷோடு ஒப்பிட்டால், பல்லில் ஒட்டும் ப்ளாக் என்ற கிருமிப் படலம் முதல் மூன்று மாதங்களில் 11 சதவீதமும், அதற்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 21 சதவீதமும் குறைந்திருந்தது. அந்தப் பலன் உங்களுக்கும் வர வேண்டுமென்றால், கையின் பழைய பழக்கத்தை விட வேண்டும்.

படி 1: பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ்ஷை வாய்க்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் பேஸ்ட் முழுக்கக் கண்ணாடிக்குத்தான்.

படி 2: முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். அந்த வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். வட்டத் தலை பிரஷ் என்றால் ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, அடுத்த பல்லுக்கு நகருங்கள். நீளத் தலை கொண்ட, வேகமாக அதிரும் சோனிக் வகையை, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ப்ளாக் அதிகம் சேருவது அந்தக் கோட்டில்தான். அழுத்தவே கூடாது, அழுத்தினால் ஈறுதான் தேயும்.

படி 3: வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு 30 விநாடி, மொத்தம் 2 நிமிடம். பல மாடல்களில் 30 விநாடிக்கு ஒரு முறை பிரஷ்ஷே லேசாக விக்கி நினைவூட்டும். கீழ் முன்பற்களின் உட்புறத்தை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். எச்சில் சுரப்பியின் திறப்பு பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ப்ளாக் கெட்டியாகிக் காரை சீக்கிரம் கட்டும். பிரஷ்ஷை நெட்டாக நிமிர்த்திப் பிடித்தால் எட்டும்.

படி 4: இதுதான் எனக்குப் பிடித்த படி, பலரும் செய்யாததும் இதுதான். பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடையிலோ ஆன்லைனிலோ ப்ளாக்கைக் காட்டும் சாய மாத்திரை கிடைக்கும். உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு, பல் துலக்கி முடித்ததும் ஒரு மாத்திரையை மென்று, வாய் முழுக்கப் பரவவிட்டுத் துப்புங்கள். அப்புறம் லேசாகக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். சுத்தமான பல் வெள்ளையாகவே இருக்கும். ப்ளாக் மிஞ்சிய இடமெல்லாம் சிவப்பு. பெரும்பாலும் கடைவாய்ப் பல்லின் பின்பக்கமும் ஈறு ஓரமும்தான் மாட்டும். நாக்கு கொஞ்ச நேரம் சிவந்தே இருக்கும், அதனால் இரவில் செய்வது நல்லது. வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். எங்கே சிவந்ததோ, மறுநாள் அங்கிருந்து துலக்க ஆரம்பியுங்கள்.

பல் இடுக்கில் இந்த பிரஷ் நுழையாது. அதற்கு ஃப்ளாஸ் நூல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷ் தலையை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. ஏற்கெனவே கெட்டியாகிக் காரை கட்டிய இடத்தை பிரஷ்ஷால் சுரண்டிப் பார்க்காதீர்கள். பல் டாக்டரிடம் ஒரு முறை ஸ்கேலிங் (காரையை அகற்றும் சுத்தம்) செய்துகொண்டு, அதற்குப் பிறகு இந்தப் படிகளைத் தொடங்கினால் சாயச் சோதனையில் தெரிவது முழுக்க உங்கள் கைவேலையாக இருக்கும்.