முதல் ‘யெஸ்’ அடிக்கும் முன்: சர்வர் சாவியை ஓபன்பிஜிபி கையெழுத்தால் சரிபார்ப்பது

நாகர்கோவிலில் ஓர் அலுவலகம். அதன் சர்வர் மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் அலுவலகத்தில் இருக்கிறார். மற்றவர்களில் ஒருவர் மார்த்தாண்டத்தில், இன்னொருவர் தக்கலையில், வீட்டிலிருந்து வேலை. தக்கலைக்காரர் கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றின் வைஃபையிலிருந்து முதல் தடவையாக எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் மறையாக்கத்தோடு நுழையும் முறை) நுழையப் பார்க்கிறார். எதிர்முனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வருகிறது. கீழே ‘ஷா256’ என்று தொடங்கி, முக்காற்புள்ளிக்குப் பிறகு 43 எழுத்துகள். அதுதான் சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவியின் சுருக்கம், அதாவது கைரேகை. பிறகு, தொடரலாமா என்ற கேள்வி.

பெரும்பாலோர் யோசிக்காமல் ‘யெஸ்’ அடித்துவிடுவார்கள். அடித்தவுடன் அந்தச் சாவி, தெரிந்த சர்வர்களைக் கணினி குறித்துவைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏறிவிடும், அடுத்த முறை கேள்வியே வராது. நடுவில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், பாஸ்வேர்டில் நுழைபவரின் பாஸ்வேர்டு அவர் கைக்குப் போய்விடும். சொந்தச் சாவியில் நுழைபவருக்கு அந்த அளவு சேதம் இல்லை, ஏனென்றால் அந்தச் சாவி இடும் கையெழுத்து அந்த ஒரு இணைப்போடு கட்டுப்பட்டது, உண்மையான சர்வரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது. ஆனாலும் போலிச் சர்வரில் நிர்வாக வேலைக்கு அடிக்கும் சூடோ பாஸ்வேர்டும் ஏற்றும் கோப்புகளும் போனது போனதுதான்.

ஆகவே அந்தக் கைரேகை இணைப்பு வரும் வழியில் வராமல் வேறு வழியில் கைக்கு வர வேண்டும். கோப்புகளிலும் மின்னஞ்சலிலும் டிஜிட்டல் கையெழுத்திடவும் மறையாக்கம் செய்யவும் உதவும் ஓபன்பிஜிபி அதற்கு நல்ல வழி. அட்மின் ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவரை நேரில் பார்க்காதவரும் சரிபார்க்கலாம்.

அட்மின் செய்ய வேண்டியது

கைரேகையைச் சர்வருக்குள் இருந்தே எடுக்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கன்சோலில் நுழைந்து, எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்கு மைனஸ் எல், மைனஸ் எஃப் கொடுத்து, இடிசி அடைவுக்குள் எஸ்எஸ்எச் அடைவில் இருக்கும் பொதுச் சாவிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். சாதாரணமாக ஆர்எஸ்ஏ, இசிடிஎஸ்ஏ, இடி25519 என்று மூன்று வகைச் சாவி இருக்கும். மூன்றின் கைரேகையும் வேண்டும். எஸ்எஸ்எச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் 8.5 பதிப்பு முதல் இடி25519 முன்னுரிமை பெற்றது. அதற்கு முந்தைய கணினிகள் இசிடிஎஸ்ஏ சாவியைத்தான் காட்டும். ஒரு வகையை மட்டும் எழுதிக் கொடுத்தால், பழைய லேப்டாப் வைத்திருப்பவர் கைரேகை ஒத்துவரவில்லை என்று பயந்து போன் செய்வார், இல்லையென்றால் பயப்படாமல் ‘யெஸ்’ அடிப்பார். இரண்டாவதுதான் மோசம்.

எஸ்எஸ்எச்-கீஸ்கேன் கொண்டு வெளியிலிருந்து எடுப்பது சுலபம், ஆனால் அது இங்கே உதவாது. அதுவும் அதே வழியில் வந்த பதில்தான்.

கைரேகைகளை ஒரு உரைக்கோப்பில் எழுதுங்கள்: சர்வர் பெயர், ஐபி முகவரி, போர்ட் எண், சாவி வகை, கைரேகை, எழுதிய தேதி, எந்தத் தேதிவரை செல்லும் என்பது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கையெழுத்து எழுதியவர் யார் என்று சொல்லும், இதுதான் ஆகப் புதியது என்று சொல்லாது. திருடுபோன பழைய சாவியின் பட்டியலை ஒருவர் மறுபடி அனுப்பினாலும் அதன் கையெழுத்து சரியென்றே வரும். 6 மாதம் செல்லும் என்று எழுதிவைத்தால் நல்லது. பிறகு ஓபன்பிஜிபி மென்பொருளான ஜிபிஜியின் கட்டளையில் கிளியர்சைன் (உரை படிக்கும்படியே இருக்க, கையெழுத்து சேரும்) கொடுத்துக் கையெழுத்திட்டு மின்னஞ்சலிலோ இணையதளத்திலோ வையுங்கள். அது பயணிக்கும் வழி பாதுகாப்பற்றதாக இருந்தாலும் பரவாயில்லை.

அட்மினின் சாவி அட்மினுடையதுதானா

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பட்டியலை மாற்ற முடியாதவர், அட்மின் பெயரில் புதிதாக ஒரு ஓபன்பிஜிபி சாவி செய்து வேறொரு பட்டியலில் கையெழுத்திடலாம். பெயரும் மின்னஞ்சல் முகவரியும் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளக்கூடியவை. 8 எழுத்துக் குறுஞ்சாவி எண்ணையும் நம்பாதீர்கள். அதே 8 எழுத்து வரும்படி போலிச் சாவிகள் செய்ய முடியும் என்று 2014-லேயே செய்து காட்டிவிட்டார்கள். முழுக் கைரேகை 40 எழுத்து, நான்கு நான்காகப் பத்துக் கட்டு. பத்துக் கட்டையும் பார்க்க வேண்டும்.

நேரில் சந்திப்பதே சிறந்தது. அட்மின் தன் கைரேகையைச் சின்னச் சீட்டுகளில் அச்சடித்து வந்து, வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் கொடுத்தால் போதும், லேப்டாப் தேவையில்லை. அடையாள அட்டையைப் பார்க்கும்போது பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். தங்கராஜ் ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் ‘ஹெச்’ சேர்த்து வேறு விதமாகவும் இருப்பார். குழித்துறையின் ‘ழ’ ஆளுக்கொரு எழுத்தில் இருக்கும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறும். உங்களுக்கு ஆளைத் தெரியும் என்றால் இது தடையில்லை. தெரியாதவர் என்றால், சாவியில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றென்று மனம் ஒப்பாதவரை கையெழுத்திட வேண்டாம்.

நேரில் முடியாவிட்டால் போன், அதுவும் குரலை நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும். கைரேகையில் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்தும்தான் வரும். ஆனால் பி, சி, டி, ஈ நான்கும் போனில் ஒரே மாதிரி கேட்கும். ஆங்கிலத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் ஊர்ப் பெயர் சொல்லிப் படியுங்கள்: ஏ என்றால் ஆரல்வாய்மொழி, பி என்றால் பூதப்பாண்டி, சி என்றால் குளச்சல், ஈ என்றால் ஈத்தாமொழி. டி-க்கு டெல்லி, எஃப்-க்கு பிரான்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் ஒரு கட்டு, சொல்பவர் ஒரு கட்டு என்று மாறி மாறிப் படித்தால் இருவருமே கவனமாக இருப்பார்கள்.

கைரேகை ஒத்துவந்தால், வீட்டுக்கு வந்து ஜிபிஜியில் சைன்-கீ கொடுத்துக் கையெழுத்திடுங்கள். உங்கள் கணினிக்கு மட்டும் போதும் என்றால் எல்சைன்-கீ. மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றால், கையெழுத்திட்ட சாவியை ஏற்றுமதி செய்து, அதே சாவிக்கு மறையாக்கம் செய்து, அதில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அவரால் திறக்க முடிந்தால் முகவரியும் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கின்றன என்று தெரியும்.

அட்மினைப் பார்க்காதவர்

தக்கலைக்காரர் அட்மினைச் சந்தித்ததில்லை. ஆனால் மார்த்தாண்டத்துக்காரரைச் சந்தித்து அவர் சாவியில் கையெழுத்திட்டிருக்கிறார். அவரோ அட்மின் சாவியில் கையெழுத்திட்டிருக்கிறார். தக்கலைக்காரர் ஜிபிஜியின் எடிட்-கீ, ட்ரஸ்ட் வழியாகப் போய், மார்த்தாண்டத்துக்காரருக்கு 4 என்ற முழு நம்பிக்கையைக் கொடுத்தால் அட்மின் சாவி செல்லுபடியாகிவிடும். 3 என்ற அரை நம்பிக்கை என்றால், அப்படிப்பட்ட மூவரின் கையெழுத்து வேண்டும். 5 உங்கள் சொந்தச் சாவிக்கு மட்டும்.

இந்த எண் ஆள் நல்லவரா என்பதற்கான மார்க் இல்லை. மற்றவர் சாவியைச் சரிபார்ப்பதில் அவர் எவ்வளவு கவனம் என்பதுதான் கேள்வி. கூடப் படித்த உயிர் நண்பருக்கே 3 கொடுக்கலாம். அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, அவருக்குத் தெரியவும் தெரியாது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. இந்தக் கையெழுத்துகளைக் கீசர்வரிலிருந்து (பொதுச் சாவிகளை எல்லோருக்கும் தரும் சர்வர்) எதிர்பார்க்காதீர்கள். 2019-இல் சிலருடைய சாவிகளில் ஆயிரக்கணக்கான குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டி அவற்றைப் பயன்படுத்த முடியாமல் செய்தார்கள். அதன்பின் ஜிபிஜி 2.2.17 முதல், கீசர்வரிலிருந்து வரும் சாவியில் பிறர் கையெழுத்துகள் தானாகவே உதறப்படும். எனவே சாவியைக் கோப்பாக, பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ வாங்கி இம்போர்ட் செய்யுங்கள்.

சர்வருக்கே ஒரு ஓபன்பிஜிபி சாவி கொடுத்து எல்லாவற்றையும் தானாகச் செய்த மங்கிஸ்பியர் கருவியும் பிறர் கையெழுத்துகளைச் சுமக்கும் கீசர்வர்களை நம்பியே இருந்தது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பட்டியல் வந்த பிறகு

ஜிபிஜியின் வெரிஃபை ‘குட் சிக்னேச்சர்’ என்று சொன்னதும் நிறுத்திவிடாதீர்கள். அதே வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் ‘ஃபுல்’ என்று இருக்க வேண்டும். ‘அன்நோன்’ என்று இருந்து, கீழே எச்சரிக்கையும் வந்தால், ஏதோ ஒரு சாவி கையெழுத்திட்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கையெழுத்துக்கு உட்பட்ட பகுதிக்கு மேலும் கீழும் யார் வேண்டுமானாலும் வரிகளைச் சேர்க்கலாம் என்பதால், மூலக்கோப்பைக் கண்ணால் படிக்காமல், ஜிபிஜியின் டிகிரிப்ட் வெளியே தரும் உரையை மட்டும் எடுங்கள். தேதியையும் பாருங்கள்.

இனி எஸ்எஸ்எச் கேள்வி கேட்கும்போது ‘யெஸ்’ வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எச் 8.0 முதல் அந்த இடத்தில் கைரேகையையே ஒட்டலாம், ‘ஷா256’ முன்னொட்டோடு முழுவதும். ஒத்துவந்தால்தான் உள்ளே விடும், இல்லாவிட்டால் திரும்பக் கேட்கும். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்துத் தலையாட்டும் கண்ணைவிட இது நம்பகமானது.

பின்னொரு நாள் சர்வர் சாவி மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், உடனே பழைய வரியை அழிக்காதீர்கள். சர்வரை மறுபடி நிறுவியதால் இருக்கலாம், ஆனால் அதை அட்மின் புதிய பட்டியலில் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். சரிபார்த்த பிறகு எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்குப் பெரிய எழுத்து ஆர் கொடுத்துப் பழையதை நீக்குங்கள். 22 அல்லாத போர்ட் என்றால் பெயரைச் சதுர அடைப்புக்குள் வைத்து, முக்காற்புள்ளி, போர்ட் எண் என்று எழுதினால்தான் அந்த வரி கிடைக்கும். மறுபடி நிறுவும் முன் அட்மின் பழைய ஹோஸ்ட் சாவிகளை எடுத்துவைத்துத் திரும்பப் போட்டால் இந்தச் சிரமமே யாருக்கும் இல்லை.

அட்மினின் லேப்டாப் தொலைந்தால் அவர் ஓபன்பிஜிபி சாவியை ரத்து செய்ய வேண்டும். புதிய ஜிபிஜி, சாவி உருவாக்கும்போதே ரத்துச் சான்றிதழையும் எழுதி வைத்துவிடுகிறது. அது அதே லேப்டாப்பில் இருந்தால் பயனில்லை, அச்செடுத்து அலுவலக பீரோவில் பூட்டி வையுங்கள். அந்தக் கோப்பில் சான்றிதழின் தொடக்க வரியில் ஐந்து சிறு கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி இருக்கும், தவறுதலாக யாரும் இம்போர்ட் செய்துவிடக் கூடாது என்பதற்காக. தேவைப்படும் நாளில் அதை அழித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அச்சுத்தாளின் ஓரத்திலேயே இதைப் பேனாவால் எழுதி வையுங்கள்.