சிங்கப்பூர், மலேசியா போகிறீர்களா? இ-சிம் வாங்கும் முன்

முதலில் போனில் *#06# அழுத்துங்கள், இஐடி என்று நீண்ட இலக்கம் ஒன்று வந்தால்தான் இ-சிம் (அட்டை போடாமல் போனிலேயே நிறுவும் சிம்) சரிவரும். சிங்கப்பூர் மட்டும் என்றால் ஒரு நாட்டுத் திட்டமே பெரும்பாலும் மலிவு. அங்கிருந்து ஜொகூர் பாரு, பாங்கொக் என்று எல்லை தாண்டுவீர்களென்றால் பல நாடுகளில் வேலை செய்யும் பிராந்தியத் திட்டம் எடுங்கள், ஆனால் நாடுகளின் பட்டியலை ஒவ்வொன்றாக வாசியுங்கள். செல்லுபடி நாட்கள் எப்போது தொடங்கும் என்பதைக் கட்டாயம் பாருங்கள்: சிலதில் நிறுவியதுமே, சிலதில் அங்கே நெட்வொர்க் பிடித்த பிறகு. அன்லிமிட்டெட் என்றாலும் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று தேடிப் பாருங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். அப்புறம், இங்கத்தைய சிம்மைக் கழற்றாதீர்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும், ரோமிங்கில் எஸ்எம்எஸ் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள்.