எப்போதும் கேமராவில் இருக்க வேண்டிய லென்ஸ் எது? நிற்கும் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

கேமரா வாங்கிய சில மாதங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. கழற்றாமல் மாட்டி வைத்திருக்க ஒரு லென்ஸ் வேண்டும், அது 35 மிமீ-ஆ, 50-ஆ, 85-ஆ? கடைக்காரரிடம் கேட்டால் ஒரு பதில், நண்பரிடம் கேட்டால் வேறொரு பதில். இருவரும் தாங்கள் எடுக்கும் படங்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள். நீங்கள் எடுக்கப்போகும் படங்கள் அவர்களுக்குத் தெரியாது. குவியத் தொலைவு, அதாவது ஃபோகல் லெங்த், என்ற இந்த எண்ணிலிருந்து (எண் கூடக்கூட ஃப்ரேமுக்குள் அடங்கும் இடம் குறையும்) தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. படமெடுக்கும்போது நீங்கள் மனிதர்களிடமிருந்தும் பொருள்களிடமிருந்தும் வழக்கமாக எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை நான் பணம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். முகப்படங்களுக்கு 85 மிமீ சிறந்தது என்று படித்துவிட்டு, கேமராவோடு சேர்த்தே விற்கப்படும் ஜூம் லென்ஸான கிட் லென்ஸுக்கு அடுத்ததாக அதையே வாங்கினேன். வாங்கிய மாதமே அத்தை மகளின் வளைகாப்பு வந்தது. விழா வீட்டுக் கூடத்தில் நடந்தது. முதுகு சுவரில் ஒட்டும்வரை பின்னால் நகர்ந்தும், மனையில் உட்கார்ந்திருந்தவளின் முகமும் தோளும் மட்டுமே ஃப்ரேமுக்குள் அடங்கின. வளையலை அடுக்கிக்கொண்டிருந்த பாட்டியின் விரல்களைப் பிடித்தால் அவருடைய முகம் வெளியே போயிற்று, முகத்தைப் பிடித்தால் வளையல்கள் போயின. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. மூன்று மீட்டர் தூரத்தில் அது எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று வாங்குவதற்கு முன் நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டுவிடலாம். சென்சாரின், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் பரப்பின், பக்க அளவை நிற்கும் தூரத்தால் பெருக்கி, குவியத் தொலைவால் வகுத்தால், அந்தத் தூரத்தில் ஃப்ரேமுக்குள் அடங்கும் அகலமோ உயரமோ ஏறத்தாழச் சரியாகக் கிடைத்துவிடும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மிமீ. பெரும்பாலானோர் கையிலிருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மிமீ, கேனனில் அதைவிடச் சற்றுச் சிறியது. என்னுடையது ஏபிஎஸ்-சி கேமரா. 23.5-ஐ 3-ஆல் பெருக்கி 85-ஆல் வகுத்தால் 0.83 மீட்டர் வருகிறது. அன்று கூடத்தில் எனக்குக் கிடைத்த அகலம் முழுவதும் இதுதான். அதே இடத்தில் 35 மிமீ லென்ஸ் இருந்திருந்தால் இரண்டு மீட்டர் அகலம் கிடைத்திருக்கும். மனை, பாட்டி, வளையல் தட்டு மூன்றும் அதில் அடங்கியிருக்கும்.

இதையே உங்கள் வீட்டு அறையில் செய்து பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது மீட்டரில் சுமார் 3 × 3.6. நிற்கும் ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 2.1 மீட்டர் உயரம் அடங்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் 50 மிமீ-க்கு இதற்கு 2.9 மீட்டர் தூரம் தேவை. அறையின் ஒரு மூலையில் நின்று எப்படியோ எடுத்துவிடலாம். ஏபிஎஸ்-சி-யில் அதே 50 மிமீ-க்கு நான்கரை மீட்டர் வேண்டும், அதற்குச் சுவரைத்தான் இடிக்க வேண்டும். அதே ஏபிஎஸ்-சி-யில் 24 மிமீ-க்கு 2.15 மீட்டர் போதும், தாராளமாக நின்று எடுக்கலாம்.

‘50 மிமீ-தான் இயல்பான லென்ஸ், அதிலிருந்து தொடங்கு’ என்ற பழைய அறிவுரை பலருக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா கேமரா 1925-இல் விற்பனைக்கு வந்தபோது, அதில் கழற்ற முடியாத 50 மிமீ லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது. அந்த ஃபிலிமின் ஃப்ரேமும் 36 × 24 மிமீ-தான். அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மிமீ. மூலைவிட்டத்துக்கு அருகில் இருக்கும் குவியத் தொலைவு அகலமாகவும் நெருக்கமாகவும் தோன்றாமல் இயல்பாகத் தோன்றும் என்பதால் 50 நிலைத்துவிட்டது. அதே 50-ஐ ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால், 1.5-ஆல் பெருக்கிப் பார்க்கையில், அது ஃபுல் ஃப்ரேமின் 75 மிமீ காட்டும் காட்சியைத்தான் காட்டுகிறது. கேனன் ஏபிஎஸ்-சி-க்கு 1.6-ஆலும் இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 2-ஆலும் பெருக்க வேண்டும். ஆகவே ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால், எந்த சென்சாரை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு வாரம் போதும். கையிலிருக்கும் கிட் லென்ஸோடு வழக்கம்போலப் படமெடுங்கள். நன்றாக வந்தது என்று தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, நின்ற இடத்திலிருந்து எடுத்த பொருளுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எட்டுக்கு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். சிலர் தம்மையறியாமல் இரண்டு எட்டுக்குள் போய்விடுகிறார்கள். சிலருக்கு ஐந்தாறு எட்டு தள்ளி நின்றால்தான் கூச்சம் விலகுகிறது. இரண்டில் எதுவும் தவறில்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மிமீ லென்ஸிலேயே தம் படங்களை எடுத்தார். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் பெரிதும் நாடியது 28 மிமீ. இருவரும் தெருவில் நின்றவர்கள்தான். 28 மிமீ-யில் ஒரு மனிதரை அதே அளவில் பிடிக்க வேண்டுமானால், 50 மிமீ-க்குத் தேவைப்படும் தூரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்கு நெருங்கிப் போகவேண்டும். அந்த நெருக்கம் உங்களுக்கு இயல்பாக வருகிறதா என்பதை நீங்களே எட்டு வைத்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அடுத்து, ஏற்கனவே எடுத்த படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் அது எந்தக் குவியத் தொலைவில் எடுக்கப்பட்டது என்ற தகவல் எக்ஸிஃப் பதிவாக உள்ளே இருக்கிறது. லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருளின் லைப்ரரி ஃபில்டரில் குவியத் தொலைவு வாரியாகப் படங்களைப் பிரித்து எண்ணிக்கையோடு பார்க்கலாம். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம், எக்ஸிஃப்டூல் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 18-55 மிமீ கிட் லென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியலில் பெரும்பாலும் 18-இல் ஒரு குவியலும் 55-இல் ஒரு குவியலும் இருக்கும். 18-இல் குவிந்தவற்றில் பல, பையிலிருந்து எடுத்த கேமராவின் வளையத்தைத் திருப்பக்கூட நேரமில்லாமல் எடுத்தவை. 55-இல் குவிந்தவற்றில் பல, லென்ஸ் அதற்கு மேல் போகாததால் அங்கே நின்றவை. இரண்டுமே உங்கள் விருப்பத்தைக் காட்டுவதில்லை. இடையில், 23-க்கும் 40-க்கும் நடுவே, வளையத்தைத் திருப்பி நிறுத்தி எடுத்த படங்கள்தான் உங்கள் கண் எங்கே நின்றது என்பதைச் சொல்கின்றன.

எல்லாப் படங்களையும் எண்ணாமல், நீங்கள் அச்சிட்டவை, வீட்டாருக்கு அனுப்பியவை, அழிக்க மனம் வராதவை ஆகியவற்றை மட்டும் தனியே எடுத்து எண்ணுங்கள். அவற்றில் எதையாவது கிராப் செய்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: அகலத்தைப் பாதியாக வெட்டியிருந்தால், 35 மிமீ-யில் எடுத்த படம் உண்மையில் 70 மிமீ படம்தான். தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருப்பவருக்கு நீளமான லென்ஸ் தேவை, அல்லது இரண்டு எட்டு முன்னால் போகும் பழக்கம் தேவை.

இவ்வளவுக்குப் பிறகு ஓர் எண் மேலெழுந்து வரும். உடனே வாங்கிவிட வேண்டாம். ஜூம் வளையத்தை அந்த எண்ணில் நிறுத்தி, அசையாதபடி சிறிய டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, ஒரு வாரம் அதோடு மட்டும் படமெடுங்கள். நான் 24-இலும் 35-இலும் இப்படி ஒவ்வொரு வாரம் ஒட்டிப் பார்த்தேன். மார்கழியில் வாசலில் கோலம் போடும் அம்மாவை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தபோது, 35-இல் நான்கடிக் கோலம் ஃப்ரேமை நிறைத்துக்கொண்டது. குனிந்திருந்த அம்மாவுக்கு இடமில்லை. 24-இல் கோலமும், மாவு உதிரும் விரல்களும், தோளில் சரிந்த சால்வையும், பின்னால் கோலமாவுக் கிண்ணமும் ஒன்றாக வந்தன. என் வாழ்க்கை பெரும்பாலும் இந்த இரண்டு மீட்டருக்குள் நடக்கிறது என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அதன் பிறகு என் கேமராவிலிருந்து 24 மிமீ அரிதாகவே இறங்குகிறது.

முகம் ஏன் கோணலாக வருகிறது?

அகல லென்ஸ் முகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. முகத்தின் தோற்றத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம். அரை மீட்டர் நெருக்கத்தில் மூக்கு கேமராவுக்கு அருகிலும் காது தொலைவிலும் இருப்பதால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிகிறது. ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு வந்துவிட்டால், எந்த லென்ஸில் எடுத்தாலும், ஃப்ரேமின் நடுவே இருக்கும் முகம் இயல்பாகவே இருக்கும். அகல லென்ஸை மாட்டிக்கொண்டு முகத்தால் ஃப்ரேமை நிரப்ப முயலும்போது நாம் அந்த அரை மீட்டருக்குத் தள்ளப்படுகிறோம், கேடு அங்கே தொடங்குகிறது. தனி முகங்களே உங்கள் முதன்மை விருப்பம் என்றால், ஃபுல் ஃப்ரேமில் 85-உம் ஏபிஎஸ்-சி-யில் 50 அல்லது 56-உம் சரியான தேர்வுகள். முகத்தோடு அந்த மனிதர் இருக்கும் இடமும் வேண்டும் என்றால் அவை உங்களை இடறச் செய்யும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு ஒப்பீடு போதும். கிட் லென்ஸ் 55 மிமீ-யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது); ஜூம் இல்லாமல் ஒரே குவியத் தொலைவு கொண்ட எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டிய ஷட்டர், இதில் நூறில் ஒரு பங்கிலேயே மூடிவிடலாம். கை நடுக்கத்தை ஸ்டெபிலைசேஷன் என்ற வசதி சமாளித்துவிடும். ஓடும் குழந்தையை அதனால் நிறுத்த முடியாது. விளக்கொளியிலும் வீட்டுக்குள்ளும் அதிகம் எடுப்பவர் ஒரு பிரைம் லென்ஸையே முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. கல்யாண மண்டபத்தில் பணத்துக்காகப் படமெடுப்பவருக்கு இது பொருந்தாது. தாலி கட்டும் நொடியில் லென்ஸ் மாற்ற முடியாது என்பதால் அவருக்கு 24-70 எஃப் 2.8 போன்ற ஜூம் தேவை, அதன் ஏறத்தாழ முக்கால் கிலோ எடையைத் தாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காக எடுப்பவர்களுக்கு அந்த எடை, கேமராவை வீட்டிலேயே விட்டுச்செல்ல ஒரு காரணமாகிவிடுகிறது. கேனனின் 50 மிமீ எஃப் 1.8 சுமார் 160 கிராம்தான்.

பலர் பார்க்க மறப்பது, லென்ஸ் எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும் என்பதை. 85 மிமீ எஃப் 1.8 லென்ஸ்களில் பல 80 சென்டிமீட்டருக்குள் இருக்கும் எதையும் தெளிவாகக் காட்டாது. பந்தியில் உட்கார்ந்தால் நம் முன்னால் இருக்கும் இலை அரை மீட்டர் தூரம்கூட இருக்காது. 24, 35 மிமீ லென்ஸ்களில் பல 25, 30 சென்டிமீட்டர் வரை நெருங்கவிடும்.

செல்பேசியையும் மறந்துவிட வேண்டாம். பெரும்பாலான செல்பேசிகளின் முதன்மைக் கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 முதல் 26 மிமீ வரை காட்டுகிறது. அந்த அகலம் எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருப்பதால், கேமராவில் அதையே மறுபடி மாட்டுவதைவிட, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 35-க்கு மேலே போவது பெரும்பாலோருக்குப் பயன் தரும். என் 24 மிமீ-யும் 1.5-ஆல் பெருக்கினால் 36 மிமீ-தான்.

நிற்கும் தூரம் உங்கள் கையில் இல்லாத இடங்களும் உண்டு. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதிகளில் பின்னால் நகர ஓர் அடிகூடக் கிடைக்காது. நாயன்மார்களின் பல்லக்கு தலைக்கு மேலேயே வரும். அங்கே ஏபிஎஸ்-சி-யில் 16 முதல் 24 மிமீ வரைதான் உதவும். வேடந்தாங்கலில் நிலைமை நேர்மாறு. கரையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளியுள்ள மரத்தில் நிற்கும் நத்தைகுத்தி நாரை முக்கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரம் கொண்டது. ஏபிஎஸ்-சி-யில் 400 மிமீ மாட்டினாலும் ஃப்ரேமின் உயரத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். வாரந்தோறும் ஏரிக்கரைக்குப் போகிறவருக்கு 400-தான் அன்றாட லென்ஸ்; ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே சரி.

முதல் லென்ஸ் பழகிய பிறகு இரண்டாவதை எண்ணுகிறவர்கள், முதலாவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அல்லது அதற்கு மேற்பட்ட குவியத் தொலைவு உள்ளதைத் தேடுங்கள்: 24-க்கு 50, 35-க்கு 85. 35-ஐயும் 50-ஐயும் சேர்த்து வாங்கினால், ஓர் எட்டு முன்னே வைத்தாலே தீரும் வேறுபாட்டுக்காக லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். என் 85 மிமீ-யும் இப்போது பையில் சும்மா இல்லை. விழாக்களில் மொட்டைமாடியில் நின்று கீழே தெருவில் நடப்பவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பத்து மீட்டர் தூரத்தில், அது பிடிக்கும் இரண்டே முக்கால் மீட்டர் அகலம் எனக்குச் சரியாக இருக்கிறது.