28 புள்ளி வண்டு: ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களுக்கு நடுவே இனம் கண்டறிவது எப்படி?

கத்தரி இலையின் பச்சைப் பகுதி சுரண்டப்பட்டு, நரம்புகள் மட்டும் சல்லடைபோல் மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் எபிலாக்னா வண்டின் வேலையாகவே இருக்கும். அதன் அறிவியல் பெயரைத் தேடும்போது ஹெனோசெபிலாக்னா விஜின்டிஆக்டோபங்டேட்டா, ஹெனோசெபிலாக்னா விஜின்டிஆக்டோமாகுலேட்டா என இரண்டு பெயர்கள் எதிர்ப்படும். இரண்டுமே 28 புள்ளிகளைக் குறிக்கும் பெயர்கள். ஆனால் வண்டுகள் வேறு வேறு. இனி அவற்றை பங்டேட்டா, மாகுலேட்டா என்றே சுருக்கி எழுதுகிறேன்.

முதற்படி, நன்மை செய்யும் பொறிவண்டைப் பிரித்தறிவது. அசுவினிகளைத் தின்று பயிரைக் காக்கும் ஏழு புள்ளிப் பொறிவண்டும் எபிலாக்னாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தெளிக்கும் கொடுமை நடக்கிறது. வண்டை வெளிச்சத்தில் சற்றே சாய்த்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். எபிலாக்னாவின் முதுகு முழுவதும் குட்டையான மென்மயிர் படர்ந்திருப்பதால் பளபளப்பு இல்லாமல் மங்கலாகத் தெரியும். பொறிவண்டின் முதுகோ மயிரின்றி எண்ணெய் பூசியதுபோல் மின்னும். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கிளைத்த முட்கள் நிறைந்த மஞ்சள் நிறப் புழுக்கள் இருந்தால் ஐயமே வேண்டாம், அது எபிலாக்னாதான்.

இரண்டாம் படி, பெயரை இறுதி எழுத்துவரை படிப்பது. 1775-இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் பங்டேட்டாவை விவரித்தபோது காக்சினெல்லா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி; அறிவியல் பெயரின் முற்பகுதி) வைத்து, 28 என்ற எண்ணையே பெயருக்குள் எழுதினார். பிறகு அது எபிலாக்னா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 1961-இல் உருவாக்கப்பட்ட ஹெனோசெபிலாக்னா பேரினத்தில் இன்று வைக்கப்படுகிறது. ஆகவே பழைய வேளாண் நூலில் எபிலாக்னா பங்டேட்டா என்றும் புதிய நூலில் ஹெனோசெபிலாக்னா பங்டேட்டா என்றும் இருந்தால், இரண்டும் ஒரே பூச்சிதான். முற்பகுதி ஒன்றாகவே இருந்து பிற்பகுதி பங்டேட்டா, மாகுலேட்டா என்று வேறுபட்டால், பொதுவாக அவை இரு வேறு பூச்சிகள். பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த இனம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சிறு குறியீட்டைக் கவனிக்கப் பழகினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படியில்தான் புள்ளிகளுக்கு வருகிறோம். எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பங்டேட்டாவின் ஒவ்வொரு மேலிறக்கையிலும் (முதுகை மூடும் கெட்டியான இறக்கை) 6 புள்ளிகள் நிலையானவை, மீதி 8 புள்ளிகள் சில வண்டுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எனவே மொத்தம் 12 முதல் 28 வரை எத்தனை வேண்டுமானாலும் அமையலாம். எண்ணிக்கையைவிட அடுக்கு முறையே உதவும். மேலிறக்கையின் அடிப்பகுதியில் உள்ள 3 புள்ளிகளுக்குப் பின்னால் வரும் 4 புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் இருந்து, இரு இறக்கைகளும் சேரும் நடுக்கோட்டில் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் அது பங்டேட்டா. அந்த 4 புள்ளிகள் கோணலாக அமைந்து, நடுக்கோட்டில் ஒன்றிரண்டு இணைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மாகுலேட்டா. உடலும் சற்றுப் பெரியது.

அடுத்து, வண்டு எங்கே, எந்தச் செடியில் கிடைத்தது என்று பாருங்கள். மாகுலேட்டா வடசீனா, கொரியா, ஜப்பானின் குளிர்ந்த பகுதிகள் போன்ற இடங்களில் உருளைக்கிழங்கைத் தாக்குவது. தமிழ்நாட்டுக் கத்தரித் தோட்டத்தில் எடுத்த படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அநேகமாகத் தவறாகவே முடியும். அதற்காக இங்கே கிடைப்பதெல்லாம் பங்டேட்டா என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பாகற்கொடியில் ஹெனோசெபிலாக்னா செப்டிமா என்ற நெருங்கிய உறவினம் மேய்கிறது. இத்தகைய இனங்களை உறுதியாகப் பிரிக்க ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

எனவே கடைசிப் படியாக, படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாதபோது ஹெனோசெபிலாக்னா என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வண்டுகளைச் சிறு குப்பியில் 70 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டு, இடம், நாள், செடியின் பெயர் ஆகியவற்றைத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவையுங்கள். பேனா மை கரைந்துவிடும்.