மண்மேட்டில் காடு வந்துவிட்டதா? எண்ணிப் பார்க்கும் முறை

நெய்வேலிப் பக்கம் போகும்போது தூரத்தில் மலை மாதிரி தெரிவது மலையல்ல. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வாரிக் கொட்டிய மேடு. மணற்கல்லும் களியும் கலந்து ஆழத்திலிருந்து வந்த மண் அது. மட்கும் கிடையாது, விதையும் கிடையாது. இப்படிப்பட்ட மேடுகளில் கன்று நட்ட பிறகு எத்தனை பிழைத்தன என்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு எண்ணுவது சில வருடங்களாக என் வேலை.

முதலில் எங்கே எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள். நான் ஏமாந்தது இதில்தான். ஒரு மேட்டில் வழிகாட்ட வந்தவர் கூட்டிப்போன இடத்திலெல்லாம் கட்டம் போட்டோம். கன்றுகள் அருமையாக நின்றன. மறுநாள் தற்செயலாக மறுபக்கச் சரிவில் இறங்கினால் பாதிக் குழிகள் காலி. தண்ணீர் லாரி பாதை ஓரம் வரைதான் போகும் என்று அப்போதுதான் புரிந்தது. அதிலிருந்து மேட்டின் உச்சி, சரிவு, அடிவாரம் என்று மூன்றாகப் பிரித்துவிடுகிறேன். வரைபடத்தில் கட்டங்களுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். சீட்டில் வந்த இடம் முள்ளாக இருந்தாலும் போயே ஆகவேண்டும்.

கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் உள்ளே சுமார் 25 குழி இருக்கும். 18 உயிரோடு இருந்தால் 72 சதவீதம். ஹெக்டேருக்கு எத்தனை என்று தெரிய அந்த 18-ஐ நூறால் பெருக்கினால் போதும். எத்தனை கட்டம் வேண்டும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சராசரியைத் திரும்பப் போடுங்கள். அது ஆடாமல் நிற்கும்வரை எண்ணுங்கள்.

தரை மூடியிருக்கிறதா என்று பார்க்க 50 மீட்டர் டேப்பை விரித்து, அரை மீட்டருக்கு ஒருமுறை கம்பியைச் செங்குத்தாக இறக்குங்கள். புல்லா, சருகா, வெறும் மண்ணா, எதில் படுகிறதோ அதைக் குறியுங்கள். நூறு குத்துக்கு எத்தனையோ அதுவே சதவீதம்.

எப்போது போவது என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் போனால் கட்டாந்தரைகூடப் பச்சையாகத் தெரியும். கத்திரி வெயிலிலும் ஒருமுறை போகவேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்பது. அமெரிக்காவில் சுரங்க நில மீட்புக்கு 1977-ல் வந்த சட்டம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கடைசியாக விதை, உரம், தண்ணீர் போட்டதிலிருந்துதான் சுரங்க நிறுவனம் செடிகளுக்குப் பொறுப்பேற்கும் வருடக் கணக்கு தொடங்கும். மழையுள்ள பகுதியில் 5 வருடம், வறண்ட பகுதியில் 10. பாட்டிலில் பால் குடிக்கும் பிள்ளைக்கு ஓட்டப் பந்தயம் வைக்க முடியுமா?

எதோடு ஒப்பிடுவது? வெட்டாமல் காத்துவந்த புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டோடு ஒப்பிட்டால் எந்த மேடும் தோற்கும், அது நியாயமில்லை. பக்கத்திலேயே தோண்டாமல் விட்ட புதர்க்காடோ பழைய மேய்ச்சல் நிலமோ இருந்தால் அங்கேயும் இதே கட்டம், இதே டேப்.

அப்புறம், என்னைக் கேட்டால் உண்மையான அளவுகோல் இது: நடாமல் வந்தது எத்தனை? ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் இரண்டு மீட்டர் சதுரம் போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். வரிசையில் நிற்காத கன்று எல்லாம் தானாக வந்தது. வேம்பும் நாவலும் சூரையும் பறவை போட்டவை. பறவை வந்து உட்காரும் அளவுக்கு மரம் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நட்ட மரத்தின் அடியில் அதன் குட்டியே முளைத்திருந்தால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். கத்திச் சவுக்கு மட்டும் நெருக்கமாக நிற்கும் இடத்தில் பிழைத்த கணக்கு பிரமாதமாக வரும். கீழே சருகைத் தவிர ஒன்றும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தை நம்பி உட்காராதீர்கள் என்பதும் இதனால்தான். மேலேயிருந்து பார்த்தால் சீமைக் கருவேலமும் பச்சைதான்.

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பார்க்கவும் நேரமிருந்தால் ஒரு குழாய்த் துண்டை அடித்து இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும் நிலத்திலும் இதைச் செய்யவேண்டும்.

கட்டத்தின் நான்கு மூலையிலும் இரும்புக் கம்பி அடியுங்கள். அடுத்த வருடம் அதே கட்டத்துக்குத் திரும்ப வேண்டுமே. ஒருமுறை கம்பி தீர்ந்து, வேலியிலிருந்து கிளுவைக் கொம்பை ஒடித்து அடித்தோம். அடுத்த ஜனவரியில் போய்ப் பார்த்தால் நான்கில் மூன்று துளிர்த்து நிற்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று மாணவர்கள் வண்டி ஏறும்வரை சண்டை போட்டார்கள்.