போனும் லேப்டாப்பும் இருக்கும்போது டேப்லெட் தேவையா?

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்: போனில் எதைப் படிக்கும்போது விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எரிச்சல் வருகிறது, எந்தச் சின்ன வேலைக்காக லேப்டாப்பைத் திறக்கிறீர்கள்? இரண்டிலும் ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தால் டேப்லெட் நிச்சயம் உதவும். இல்லையென்றால் வேண்டாம், சார்ஜ் போட இன்னொரு பொருள்தான் சேரும்.

பிடிஎஃப் நிறையப் படிப்பவர்களைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., போன் திரையோ சுமார் 7 செ.மீ.தான், அதனால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 11 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் ஏறக்குறைய முக்கால் அளவில் தெரியும், ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். ஆனால் பேனா விஷயத்தில் கவனம். ரப்பர் முனைப் பேனா எல்லாத் தொடுதிரையிலும் வேலை செய்யும், ஆனால் உள்ளங்கை பட்டாலே கோடு விழும். எழுதத்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஆக்டிவ் பேனாவை (கை எது, பேனா எது என்று திரை பிரித்தறியும் மின்னணுப் பேனா) ஏற்கும் மாடலா என்று முதலில் பாருங்கள்.

நீளமாகத் தட்டச்சு செய்ய, எக்செல் பார்க்க லேப்டாப்பே போதும். டேப்லெட்டோடு கீபோர்டு, பேனா, உறை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், சில சமயம் லேப்டாப் விலையே வந்துவிடும்! சிம் போடும் மாடல் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை, போனின் ஹாட்ஸ்பாட் போதும். அப்புறம், தள்ளுபடியில் வரும் பழைய மாடலுக்கு இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.